அரசியல் பேசக்கூடாத அரசறிவியல் வகுப்பு

புத்தளத்தில் நான் இருபது வருடங்களுக்கு மேல் விரிவுரையாளராக இருந்த வெளிவாரிக் கற்கை நிலையத்தில் இனி அரசறிவியல் கிடையாது. அடுத்த தவணையிலிருந்து அந்த இடத்துக்குச் சுற்றுலா முகாமைத்துவம் வருகிறது. இந்தச் செய்தியை எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் என்னோடு வேலை செய்த ஓர் இளைய விரிவுரையாளர். சொல்லிவிட்டு, "பாடத்தின்ட ஞாபகமா ஒரு மலர் போடுறம் மிஸ். இனிமையான நினைவுகளா ரெண்டு பக்கம் எழுதித் தாங்களன்" என்றும் கேட்டார்.

ஒரு பாடத்தின் கழுத்தை நெரித்துவிட்டு அதற்கு மலர் வெளியிடுகிறவர்களை நான் இப்போதுதான் பார்க்கிறேன். மாணவர்கள் சேரவில்லையாம், அதனால்தான் நிறுத்துகிறார்களாம். ஏன் சேரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் நான் சொல்வேன். அதைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். இனிமையை எதிர்பார்த்துப் படிக்க வருகிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கற்பிட்டியில் வாப்பாவுக்குக் கயிறும் வலையும் விற்கும் கடை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போ என்று அவர் சொல்ல, நான் அழுது பிடித்து மலைநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அங்கே மழை, விடுதிச் சோறு, பகிஷ்கரிப்பு, மூடிய வாயில், திரும்பத் திறந்த வாயில் என்று வருடங்கள் ஓடின. பட்டத்தோடு ஊருக்கு வந்து சில காலம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். பிறகு புத்தளத்தில் கற்கை நிலையம் திறந்தபோது விண்ணப்பித்து விரிவுரையாளரானேன்.

அந்த நிலையத்துக்கென்று சொந்தக் கட்டிடம் அப்போது இல்லை. சனி, ஞாயிறுகளில் ஒரு பள்ளிக்கூடத்தை இரவல் வாங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் கதிரைகளில் முழு வளர்ந்த மனிதர்கள் முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். பொலிஸ்காரர் ஒருவர் கடமை முடித்துச் சீருடையோடு வருவார். உச்சமுனையிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் களப்பைப் படகில் கடந்து, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். உடப்பிலிருந்து கோயில் வேலை பார்க்கிற ஒருவர், சிலாபம் பக்கத்திலிருந்து தாதி ஒருவர். பகல் சாப்பாட்டுக்குப் பாணும் பருப்பும் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுவார்கள். அரசு என்றால் என்ன, இறைமை என்றால் என்ன என்று நான் கரும்பலகையில் எழுதினால், அடுத்த நிமிடம் ஒருவர் கையை உயர்த்துவார்: "அப்ப மிஸ், எங்கட ஊர்ல இறங்குதுறை யாருக்குச் சொந்தம்?" இப்படிப்பட்ட மாணவர்களை எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் கண்டிருக்காது.

நிலையத்தின் பணிப்பாளர் செல்வநாதன் சேர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாரையும் திட்டமாட்டார். "முடியாது" என்ற சொல் அவர் வாயில் வரவே வராது. முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் பிளேன்டீ வரவழைப்பார். சீனி போதுமா என்று விசாரிப்பார். பிறகு நம் குடும்பத்தாரை ஒவ்வொருவராகச் சுகம் கேட்பார். உம்மாவின் கால்வலி, தம்பியின் வெளிநாட்டு வேலை, மருமகளின் பிள்ளைப்பேறு எல்லாம் முடிந்த பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, "பாப்பம் மிஸ்" என்பார். அந்தப் "பாப்பம்" என்றால் உங்கள் காரியம் செத்துப்போயிற்று என்று அர்த்தம். புதிதாக வருகிறவர்கள் அது தெரியாமல் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள்.

ஒரு தேர்தல் காலம். நான் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வாக்குகளை ஆசனங்களாகப் பிரிக்கும் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்ட, வகுப்பு சுறுசுறுப்பாக இருந்தது. பொலிஸ்காரர் தானே எழுந்து வந்து சுண்ணக்கட்டியை வாங்கி ஒரு கணக்குச் செய்து காட்டினார். வாசலில் செல்வநாதன் சேர் நின்றார். என்னை வெளியே வரச்சொல்லி, வழக்கம்போல வீட்டுச் சுகமெல்லாம் விசாரித்தார்.

"மிஸ், தேர்தல் முடியும்வரைக்கும் இந்தத் தேர்தல் பாடத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பமா?"

"சேர், தேர்தல் நேரம் தேர்தலைப் படிப்பிக்காம வேற எப்ப படிப்பிக்கிற?"

"எல்லாம் ஆறினதுக்குப் பிறகு. இப்ப சூடான நேரம். இதில அரசியல் கலந்திடும்."

அரசறிவியல் வகுப்பில் அரசியல் கலந்துவிடும் என்று ஒரு பணிப்பாளர் பயப்படுகிறார். சமையற்கட்டில் சோறு கலந்துவிடும் என்று பயப்படுவதா? நான் முடியாது என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். அடுத்த சனிக்கிழமை நான் போனபோது நேரசூசியில் என் பாடவேளைக்கு எதிரே "சர்வதேச உறவுகள்" என்று ஒட்டியிருந்தது. சரி என்று உள்ளே போய் வேறொரு நாட்டின் தேர்தல் முறையைப் படிப்பித்தேன். உதாரணக் கணக்குக்கு மட்டும் புத்தளம் மாவட்டத்தை எடுத்தேன்.

அதையெல்லாம் சிரித்துக் கடந்துபோக முடிந்தது. சிரிக்க முடியாமல் போனது பரீதாவின் விஷயத்தில்.

பரீதா கண்டக்குழியைச் சேர்ந்தவர். எங்கள் வகுப்பில் சேரும்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, என்னைவிடக் கொஞ்சம்தான் இளையவர். கணவர் நிஸ்தார் கடல் தொழில் செய்கிறவர். காலையில் மீன் வந்தால் தரம் பிரித்து, ஐஸ் போட்டு, வியாபாரிகளோடு விலை பேசுவதெல்லாம் பரீதாதான். ஊர் மீனவப் பெண்கள் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். உயர்தரப் பரீட்சை எழுதி நல்ல பெறுபேறு வந்தும் அந்தக் காலத்தில் கலியாணம் பேசிவிட்டதால் படிப்பு நின்றுபோனது. பிள்ளைகள் வளர்ந்தபிறகு திரும்ப வந்தார். கேள்வி கேட்பதில் அவருக்கு இணை வகுப்பில் யாருமில்லை. விடை பிடிக்காவிட்டால் முகத்தைச் சுளிக்காமல், அமைதியாக, அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார்.

இறுதி வருடத்தில் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். தலைப்பை மாணவர் எழுதிக் கொடுப்பார், மேற்பார்வையாளர் கையொப்பமிடுவார், பணிப்பாளர் அங்கீகரிப்பார். பரீதா என்னிடம் கொண்டுவந்த தலைப்பு இது: "கரையைப் பற்றி முடிவெடுப்பது யார்? கண்டக்குழியில் ஓர் ஆய்வு."

விஷயம் எனக்குத் தெரிந்ததுதான். கொழும்பிலிருந்து வந்த ஒரு முதலாளி கண்டக்குழிக் கரையில் லொட்ஜ் கட்டியிருந்தார். வெள்ளைக்காரர்கள் காற்றுப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்குவதற்கு வருகிற இடம். லொட்ஜுக்குக் கம்பி வேலி வந்தது. அந்த வேலிக்குள் ஊரார் தோணி இழுக்கிற இடமும், வீதியிலிருந்து அங்கே இறங்குகிற பாதையும் அடைபட்டுப் போயின. இப்போது படகுகளை வடக்கே தள்ளி ஒதுக்கி, மீன் பெட்டிகளைத் தலையில் வைத்து மணலில் நடந்து கொண்டுவருகிறார்கள். அந்த நடையில் பெரும்பகுதி பெண்களுடையது.

"எனக்கு வேலியப் பத்தி எழுத வேணாம் மிஸ்" என்றார் பரீதா. "வேலி எல்லாருக்கும் தெரியுது. அத போடலாம்டு எங்க வச்சி முடிவெடுத்த, யார் கூடின, எங்கள ஏன் கூப்பிடல்ல? அதத்தான் எழுதணும்."

இதைவிடச் சுத்தமான அரசறிவியல் கேள்வியை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. உடனே கையொப்பமிட்டேன்.

செல்வநாதன் சேர் எங்கள் இருவரையும் அழைத்தார். பிளேன்டீ வந்தது. பரீதாவின் பிள்ளைகளை ஒவ்வொருவராக விசாரித்தார். நிலையத்துக்கு அந்த லொட்ஜ் முதலாளி கணினிகள் அன்பளிப்புச் செய்திருந்தார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். அந்தக் கணினிகள் அடுத்த அறையில் பொலித்தீன் உறை கழற்றாமல் இருந்தன.

"நல்ல தலைப்பு" என்றார் சேர். "ஆனா கொஞ்சம் சின்ன விஷயம். உங்கட திறமைக்குப் பெரிசா ஒண்டு செய்யலாம். பண்டைய கிரேக்க நகர அரசுகளில் நேரடி மக்களாட்சி. அதில நிறையப் புத்தகம் இருக்கு."

பரீதா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்த ஊர்ல கடல் இருந்திச்சா சேர்?"

"ஓம், கிரேக்கம் எண்டால் கடற்கரை நாடுதானே."

"அங்க மீன் புடிக்கிற ஆக்கள் தோணிய எங்க இழுத்தாங்க? அதுக்கு யார்ட்ட கேட்டாங்க?"

சேர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிடும் என்ற பயத்தில்.

"அது புத்தகத்துல இருந்தா நான் கிரேக்கம் எழுதுறன் சேர். இல்லாட்டி கண்டக்குழியத்தான் எழுதணும்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "பாப்பம்."

வாரங்கள் போயின. அங்கீகாரமும் வரவில்லை, மறுப்பும் வரவில்லை. மற்ற மாணவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். மறுப்பு என்றால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் அதற்கு மேன்முறையீடு உண்டு. மௌனத்துக்கு மேன்முறையீடு கிடையாது. என்னை இன்றுவரை எரிக்கிறது இந்தத் தந்திரம்தான். ஒரு மனிதரை இல்லை என்று சொல்லாமலே இல்லாமலாக்குவது. ஆனால் ஒழுங்குவிதியில் ஒரு வழி இருந்தது. பணிப்பாளர் தீர்மானிக்காத தலைப்பை மேற்பார்வையாளர் நேரடியாகத் தலைமைப் பல்கலைக்கழகத்தின் பீடச் சபைக்கு அனுப்பலாம். அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. நான் அனுப்பினேன். தலைப்பு எந்தத் திருத்தமும் இல்லாமல் அங்கீகாரமாகி வந்தது. செல்வநாதன் சேர் என்னை வாழ்த்தினார். அந்த வாழ்த்தில் இருந்த குளிரை என்னால் இப்போதும் உணர முடிகிறது.

பரீதா வேலையைத் தொடங்கினார். காலையில் மீன் வேலை முடிந்து, குளித்து, அபாயா மாற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனார். முஸ்லிம் வீடு, கத்தோலிக்க வீடு, தமிழ் பேசுகிற வீடு, சிங்களம் பேசுகிற வீடு என்று ஒன்றையும் விடவில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்விகள். வேலிக்கு அனுமதி கொடுக்கக் கூட்டம் ஒன்று நடக்கப்போவது உங்களுக்கு முன்பே தெரியுமா? எப்படித் தெரிந்தது? போனீர்களா? பேசினீர்களா? கூட்டம் பற்றிய அறிவித்தல் கற்பிட்டியில் ஓர் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது, அதில் தமிழ் இருக்கவில்லை. சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்களும் அந்தச் சுவர்ப் பக்கம் போகவில்லை, கடலில் இருந்தார்கள். வேலிக் கம்பங்கள் இறங்கிய நாளில்தான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. லொட்ஜ் முதலாளியிடமும் பரீதா போனார். அவர் சொன்னதையும் அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதினார். நான் வாசித்துவிட்டு ஆச்சரியப்பட்டேன். கோபப்பட வேண்டிய மனிதர் எழுதிய கட்டுரையில் கோபமே இல்லை. கோபமெல்லாம் எனக்கு வந்தது.

இதற்கிடையில் நிஸ்தாரின் பிழைப்பில் கைவைத்தார்கள். பருவகாலத்தில் அவர் லொட்ஜுக்கு வருகிற விருந்தாளிகளை டொல்பின் பார்க்கப் படகில் கூட்டிப்போவார். மீன் படாத நாட்களில் அதுதான் வீட்டுச் செலவு. அந்த வருடம் அவருடைய படகை அழைக்கவில்லை. ஏன் என்று போய்க் கேட்டவரிடம், "வீட்டில படிச்ச ஆள் இருக்கிறாதானே, அவ உழைச்சுப் போடுவா" என்று லொட்ஜ் முகாமையாளர் சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தக் கிழமை பரீதா வகுப்புக்கு வரவில்லை. நான் கண்டக்குழிக்குப் போனேன். நிஸ்தார் முற்றத்தில் இன்ஜினைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கதிரை எடுத்துப் போட்டார்.

"மிஸ், நான் படிக்க வேணாம்டு சொல்லல்ல" என்றார். "வேற ஏதாச்சும் எழுதேலாதா? நாளைக்கும் நாங்க அந்தாள்ட வாசலத் தாண்டித்தான் போகணும்."

பரீதா வாசலில் நின்றார். நிஸ்தார் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லையே. பட்டம் தருவது நான், பட்டினி கிடப்பது அவர்கள். கடைசியில், நிறுத்துவதென்றால் நிறுத்தலாம், வேறு தலைப்புக்கு நானே அவகாசம் வாங்கித் தருவேன் என்று சொன்னேன்.

நிஸ்தார் மனைவியைப் பார்த்தார். "நீ எழுதினதுல பொய் இருக்கா?"

"இல்ல."

"ஒரு இடத்திலயாச்சும்?"

"ஒரு இடத்திலயும் இல்ல."

அவர் திரும்ப இன்ஜின் முன்னால் குந்தினார். "அப்ப எழுதி முடி. டொல்பின் எங்கட ஊட்டுக்குச் சோறு போட்டு கொஞ்ச வருசம்தானே. அதுக்கு முந்தியும் நாங்க திண்டுதான் இருந்த."

வாய்மொழிப் பரீட்சை நாள் வந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: தலைமைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பேராசிரியை, பணிப்பாளர், மேற்பார்வையாளராக நான். மாணவர் தன் ஆய்வைச் சுருக்கிச் சொல்வார். பிறகு கேள்விகள். பிறகு மாணவரை வெளியே அனுப்பிவிட்டுப் பரீட்சகர்கள் இருவரும் தனித்தனியே புள்ளி எழுதுவார்கள். மேற்பார்வையாளருக்குப் புள்ளி போடும் உரிமை வேறு தாளில், கட்டுரைக்கு மட்டும். நிஸ்தார் வெளியே வேப்பமரத்தடியில் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார். அன்று கடலுக்குப் போகவில்லை.

பரீதா நன்றாகப் பேசினார். பேராசிரியை முறையியலைப் பற்றிக் கடினமான கேள்விகள் கேட்டார், நியாயமான கேள்விகள். இரண்டுக்குப் பரீதாவால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. தெரியவில்லை என்று சொன்னார். பிறகு செல்வநாதன் சேரின் முறை.

"இந்த ஆய்வில எனக்கு ஒரு பெரிய பிரச்சினை இருக்கு" என்றார், வழக்கமான மெல்லிய குரலில். "ஆய்வாளர் நடுநிலையா இருக்கவேணும். நீங்க அந்த ஊர் ஆள். உங்கட கணவர் அந்தக் கரையில தொழில் செய்யிறவர். நீங்களே ஒரு கட்சிக்காரர். பிறகு எப்படி நடுவில நிண்டு எழுதுறது?"

பரீதா கொஞ்சம் யோசித்தார்.

"கரையில நடு எங்க இருக்கு சேர்? ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கம் வேலி. நிக்கிறதுக்கே இடமில்ல. அதுக்காக நான் பொய் எழுதல்ல. முதலாளி சொன்னதயும் எழுதியிருக்கன். நீங்க வாசிச்சீங்கதானே?"

"நான் கேட்டது வேற."

"நான் சொன்னது அதுக்குத்தான் சேர்."

மேற்பார்வையாளர் வாய்மொழிப் பரீட்சையில் குறுக்கிடக்கூடாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று என் வாய் நிற்கவில்லை. அதற்கு முந்திய வருடம் அதே அறையில், அதே லொட்ஜ் முதலாளியின் மருமகன், சுற்றுலாவினால் கரையோர மக்கள் அடைந்த நன்மைகள் என்று ஒரு கட்டுரை எழுதிச் சமர்ப்பித்தார். மாமனாரின் லொட்ஜில் தங்கி, மாமனாரின் ஊழியர்களைப் பேட்டி கண்டு எழுதியது. அன்று பணிப்பாளர் அதை முன்மாதிரி என்று புகழ்ந்தார். நடுநிலை என்ற சொல் அன்று அந்த அறைக்குள் வரவே இல்லை.

"போன வருசம் மருமகன்ட்ட இதக் கேட்டீங்களா சேர்?" என்றேன். "அவர் மாமாட சோத்தத் திண்டுட்டு எழுதினவர். இவ தன்ட சோத்த இழந்து எழுதியிருக்கிறா. இதில கட்சிக்காரர் யார்?"

பேராசிரியை பேனாவை மூடிவைத்து, மருமகனின் கட்டுரையைத் தனக்குக் காட்ட முடியுமா என்று கேட்டார். அது உடனே கைவசம் இல்லை என்றார் சேர். பரீதாவை வெளியே போகச் சொன்னார்கள்.

பேராசிரியை கொடுத்த புள்ளி நல்ல சித்தி, சிறப்பான தேர்ச்சி. செல்வநாதன் சேர் கொடுத்தது சித்திக்குக் கீழே. இத்தனை வித்தியாசம் இருந்தால் பரீட்சகர்கள் கூடிப் பேசி ஒரு புள்ளிக்கு வரவேண்டும், வர முடியாவிட்டால் மூன்றாவது பரீட்சகருக்குப் போகவேண்டும். மூன்றாவது பரீட்சகர் என்றால் மாதக்கணக்கில் தாமதம்.

மறுநாள் சேர் என்னை அழைத்தார். பிளேன்டீ. உம்மா, தம்பி, தம்பியின் பிள்ளைகள். "மிஸ், நீங்க பேராசிரியரோட ஒருக்கா கதையுங்கோ. நடுவில ஒரு புள்ளிக்கு வந்தால் பரீதா இந்த வருசமே பட்டம் வாங்கலாம். சாதாரண சித்தி. அவவுக்கும் நல்லது, நிலையத்துக்கும் நல்லது. முதலாம், இரண்டாம் வகுப்பு எண்டு சித்தி கிடைச்சு இந்த வயசில அவ என்ன செய்யப்போறா?"

நான் தேநீரைத் தொடவில்லை. "சேர், அவவுக்குக் கிடைக்கவேண்டியது கிடைக்கட்டும். கிடைக்காட்டி அதையும் எழுத்தில தாங்க. நடுவில தாறதுக்கு இது மீன் விலை இல்ல." அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அந்த அறையில் பிறகு எனக்குத் தேநீர் வந்ததில்லை.

பரீதாவிடம் விஷயத்தைச் சொல்லி, அவருடைய விருப்பத்தைக் கேட்டேன். காத்திருப்பதா, சாதாரண சித்தியோடு பட்டத்தை வாங்கிக்கொள்வதா என்பதை அவர்தானே தீர்மானிக்க வேண்டும்.

"எல்லாரோடயும் சேந்து கறுப்பு உடுப்புப் போட்டு நிக்க ஆசதான் மிஸ்" என்றார். "ஆனா பொய்ப் புள்ளி வேணாம். நான் இருக்கன், பாப்பம்."

அவர் சொன்ன "பாப்பம்" உண்மையான பாப்பம்.

அந்த வருடம் பட்டமளிப்பு விழா பரீதா இல்லாமல் நடந்தது. அவரோடு படித்த பொலிஸ்காரரும் உச்சமுனை ஆசிரியர்களும் பட்டம் வாங்கிக்கொண்டு, அதே உடையோடு வான் வண்டியில் ஏறிக் கண்டக்குழிக்குப் போய் அவர் வீட்டில் சாப்பிட்டார்கள். மூன்றாவது பரீட்சகர் பேராசிரியை கொடுத்ததைவிட இரண்டு புள்ளி கூடவே கொடுத்தார். பரீதாவுக்கு இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு கிடைத்தது. எங்கள் நிலையத்தில் அரசறிவியலில் அந்தச் சித்தியைப் பெற்றவர்கள் மிகக் குறைவு.

வென்றோம் என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன்.

அடுத்த தவணையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆய்வுத் தலைப்புகள் "உள்ளூர்ச் சர்ச்சைகளைத் தவிர்த்தனவாக" இருக்க வேண்டும். மேற்பார்வைக்கு எனக்கு ஒரு மாணவரும் தரப்படவில்லை. நான் ஓய்வுபெறும்வரை அது தொடர்ந்தது. அதன்பிறகு மாணவர்கள் எழுதியதெல்லாம் எங்கோ ஒரு நாட்டின் அரசியலமைப்பு, எங்கோ ஒரு தத்துவஞானியின் கோட்பாடு. ஒரு கட்டுரையிலிருந்து அடுத்த கட்டுரைக்கு வசனங்கள் இடம் மாறிப் போய்க்கொண்டிருந்தன. வகுப்பில் கை உயர்வது குறைந்தது. இறங்குதுறை யாருக்குச் சொந்தம் என்று கேட்கமுடியாத பாடத்தைப் படிக்க, யார் களப்பைப் படகில் கடந்து வருவார்? சேர்க்கை வருடா வருடம் விழுந்தது. இப்போது சொல்கிறார்கள், மாணவர் இல்லையாம். கிணற்றுக்குள் மண்ணைக் கொட்டிவிட்டு, தண்ணீர் ஊறவில்லை என்கிறார்கள். இதைச் செய்தவர்கள் யாருக்கும் அரசியல் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். அரசியல் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அவர்களுடைய கொள்கை.

நான் ஓய்வுபெற்ற பிறகு பரீதா ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். முதல் லொட்ஜுக்குப் பக்கத்தில் இன்னொரு லொட்ஜ் வரப்போகிறதாம். இந்தத் தடவை ஊருக்குள்ளேயே, பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். "வாறீங்களா மிஸ்? கதைக்க வேணாம், சும்மா வந்து இருங்க." போனேன்.

மண்டபத்தின் முன்வரிசையில் லொட்ஜ்காரர்களும் கொழும்பிலிருந்து வந்த ஒரு சட்டத்தரணியும். மேடையில் அதிகாரி ஒருவர். ஊரார் இருபது பேர்கூட இல்லை, அன்று நல்ல மீன் காலம். பரீதா கடைசி வரிசையில் கரைப் பெண்கள் சிலரோடு உட்கார்ந்திருந்தார். அதிகாரி திட்டத்தை விளக்கிவிட்டு, ஆட்சேபனை ஏதும் உண்டா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

பரீதா எழுந்தார். "ஒரு கேள்வி. இந்தக் கூட்டத்துக்கு யார் யாருக்கு அறிவிச்சீங்க? எப்படி அறிவிச்சீங்க? எந்தப் பாஷையில?"

அதே கேள்வியைச் சிங்களத்திலும் கேட்டார். கரைப் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அதிகாரி தன் கோவையில் தாள்களைப் புரட்டினார். "முறைப்படி அறிவிச்சிருக்கு."

"முறையத்தான் சேர் கேக்கிறன். பள்ளிவாசல்ல சொன்னீங்களா? கோயில்ல, சேர்ச்சில சொன்னீங்களா? சங்கத்துக்கு ஏன் சொல்லல்ல? தொழிலுக்குப் போறவங்க கடல்ல இருக்கிற நேரம் கூட்டம் வச்சா, ஆட்சேபனை யார் சொல்லுற, மீனா?"

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. சட்டத்தரணி திரும்பிப் பார்த்தார். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீங்க யார் அம்மா?"

"மீனவப் பெண்கள் சங்கச் செயலாளர். பேர் பரீதா. அரசியல் விஞ்ஞானப் பட்டதாரி."

"அரசியல் விஞ்ஞானமா?" அதிகாரி முன்வரிசையைப் பார்த்துப் புன்னகைத்தார். "அதப் படிச்சு என்ன வேலை கிடைச்சது?"

"இந்த வேலைதான் சேர்" என்றார் பரீதா. "நீங்க கேள்விக்குப் பதில் சொல்லுங்க."

அதிகாரி கோவையை மூடிவிட்டுக் கூட்டத்தை ஒத்திவைத்தார். அடுத்த கூட்டத்தின் நாளை இரண்டு மொழியிலும் வாய்விட்டுச் சொல்லும்வரை கரைப் பெண்கள் வாசலை விட்டு விலகவில்லை.